குலதெய்வத்துக்கு முதல் பொங்கல்: புதிதாகப் போகிறவர்களுக்கு

சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்குக் குலதெய்வம் கோயில் என்றால் சின்ன வயதில் மொட்டை போட்டுக் காது குத்திய இடம், அவ்வளவுதான். கல்யாணமான வருடம் "பொங்க வைக்காம எப்படிடா?" என்று ஆச்சி ஒற்றைக்காலில் நின்றாள். பங்குனி வெயிலில் மனைவியையும் ஆச்சியையும் காரில் ஏற்றிக்கொண்டு, திருச்செந்தூர் பக்கம் செம்மண் தேரிக்காட்டுக்குள் இருக்கும் எங்கள் சாஸ்தா (அய்யனார்) கோயிலுக்குப் போனேன். விறகு பச்சை. தண்ணீர் பத்தவில்லை. விடியற்காலையில் வாங்கி காரிலேயே வைத்திருந்த பாக்கெட் பால் திரிந்துபோயிருந்தது. பொங்கல் என்று இலையில் வைத்தது பாதி வெந்த அரிசியும் வெல்லப் பாகும்.

அப்புறம் வருடா வருடம் போய், பெரியம்மாவிடமும் பூசாரியிடமும் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொல்வது தென்மாவட்டப் பழக்கம். உங்கள் ஊரில் ஒன்றிரண்டு மாறும். மாறினால் உங்கள் பெரியவர்கள் சொல்வதைக் கேளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

கேட்கப் போகிறோமா, சொல்லப் போகிறோமா

சாமான் லிஸ்ட்டுக்கு முன்னால் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த முதல் வருடம் சன்னிதியில் நின்றதும் கண்ணை மூடிக்கொண்டு, வேலையில் உயர்வு, சொந்த வீடு, அப்பாவின் முழங்கால் வலி என்று வரிசையாக வேண்டிக்கொண்டிருந்தேன். என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு ஆச்சி இடித்தாள்: "ஏல, வந்ததும் வராததுமா கேக்கியே. தந்ததுக்கு ஒரு வார்த்த சொன்னியா?"

நம் ஆட்கள் ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வத்திடம் போவது கணக்குச் சொல்ல. கிணற்றில் தண்ணீர் இருந்தது, மாடு கன்று போட்டது, பிள்ளை பிழைத்தது, எல்லாம் நீ கொடுத்தது என்று சொல்லிவிட்டு, கொடுத்ததிலேயே ஒரு பிடி எடுத்துப் பொங்கி வைத்துவிட்டு வருவது. இப்போது கிணறும் மாடும் இல்லை, சம்பளமும் இஎம்ஐயும்தான் இருக்கின்றன. ஆனாலும் கணக்கு கணக்குதானே. அதனால் முதல் தடவை எதையும் கேட்காமல் வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கஷ்டம்தான். சன்னிதியில் நின்றால் வாய் தானாகக் கேட்க ஆரம்பித்துவிடும்.

போவதற்கு முந்தின ராத்திரி ஒரு தாளை எடுத்து, போன வருடத்தில் நடந்த நல்லதை எழுதிப் பாருங்கள். "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று எழுதினால் அது கணக்கில் சேராது. யாருக்கு எந்தக் காய்ச்சல் எப்போது சரியானது, எந்தப் பணம் எந்த மாதம் வந்து கைகொடுத்தது, ரோட்டில் எந்த லாரி மயிரிழையில் தவறியது, அப்படி எழுத வேண்டும். எனக்கு முதலில் மூன்றுதான் வந்தது. மனைவி உட்கார்ந்ததும் பதினேழு ஆனது.

உங்கள் சாமி எது என்று தெரியாவிட்டால்

இது இப்போது நிறைய வீடுகளில் இருக்கும் சிக்கல். தாத்தா ஊரைவிட்டு வந்தார், அப்பா கேட்கவில்லை, பேரனுக்குத் தெரியவில்லை. துப்புத் துலக்க மூன்று வழி உண்டு.

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். உச்சியில் "துணை" என்று முடியும் வரிகளில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் அடுத்து, நீங்கள் கேள்விப்படாத ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அதுதான். இரண்டாவது, கொள்ளுத் தாத்தா பாட்டி தலைமுறைப் பெயர்கள். சுடலைமுத்து, பேச்சிமுத்து, இசக்கியம்மாள், சொரிமுத்து, கற்குவேல், மாடசாமி என்றெல்லாம் ஒரே பெயர் தலைமுறை தாண்டித் தாண்டி வந்தால் அந்தப் பெயரே விலாசம். மதுரைப் பக்கமானால் பாண்டி, சோணைமுத்து, கருப்பசாமி. மூன்றாவது, பங்காளிகள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடாக இருந்தாலும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார்கள். எங்கள் குடும்பத்தில் இருபது வருடமாகப் பேசாத ஒரு பெரியப்பா, "குலதெய்வம் எங்க இருக்கு?" என்று கேட்ட உடனே வழி சொன்னதோடு, "கோயில் முக்குல திரும்பும்போது மணல்ல வண்டி பதியும், பாத்து" என்று வேறு சொன்னார்.

எப்படியும் கண்டுபிடிக்க முடியவில்லையா? தென்பக்கம் அப்படிப்பட்டவர்கள் திருச்செந்தூர் முருகனையே குலதெய்வமாக எடுத்துக்கொள்வது உண்டு. பெண்களுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு கணவன் வீட்டுச் சாமி என்பது வழக்கம். அதற்காகப் பிறந்த வீட்டுச் சாமியை விட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. என் மனைவி இரண்டுக்கும் போகிறாள்.

எந்த நாள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரம். உத்திரம்தான் சாஸ்தாவின் நட்சத்திரம். மதுரை, தேனி, விருதுநகர் பக்கம் மாசி மாதச் சிவராத்திரி. பாபநாசத்துக்கு மேலே காரையாறில் இருக்கும் சொரிமுத்து அய்யனாருக்கு ஆடி அமாவாசை. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனாருக்குக் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டுத் திருவிழா. அன்றைக்கு ஜனங்கள் அந்தச் செம்மணலை அள்ளி முடிந்து வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துப்போவார்கள்.

ஆனால் முதல் பொங்கலைத் திருவிழா அன்று வைக்காதீர்கள். இடம் கிடைக்காது, தண்ணீர்க் குழாயில் வரிசை, உங்கள் அடுப்புப் புகை அடுத்தவர் கண்ணில், அவர் புகை உங்கள் கண்ணில். ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ போய்ப் பழகிக்கொண்டு, அடுத்த வருடம் உத்திரத்துக்குப் போங்கள். காட்டுக்குள் இருக்கும் கோயிலானால் வனத்துறை நேரம் விசாரியுங்கள். காரையாறு களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. நினைத்த நேரத்துக்குச் சோதனைச் சாவடி தாண்ட விடமாட்டார்கள்.

பூசாரியிடம் சொல்வது, வரி கட்டுவது

பல குலதெய்வக் கோயில்கள் தினமும் திறந்திருப்பதில்லை. பூசாரி வேறு வேலை பார்க்கிறவராக இருப்பார். எங்கள் கோயில் பூசாரி ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு வாரம் முன்னால் போன் செய்து, எத்தனை பேர் வருகிறோம், என்ன படையல் என்று சொல்லிவிடுங்கள். அபிஷேகம் உண்டா, சாமிக்கு வேட்டி துண்டு வாங்க வேண்டுமா, எத்தனை மாலை என்பதை அவரே சொல்வார். எங்கள் பக்கம் பரிவாரச் சாமிகள் அதிகம். சாஸ்தாவைத் தவிர பேச்சியம்மன், சுடலைமாடன், கருப்பசாமி, சங்கிலி பூதத்தார், தளவாய் மாடசாமி என்று வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு மாலை என்று கணக்கிட்டு வாங்காவிட்டால் கடைசியில் ஒரு சாமி வெறும் கழுத்தோடு நிற்கும்.

கோயில் வரி விஷயம்: கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு என்று வைத்து வருடத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். பல வருடமாகக் கட்டாத குடும்பம் என்றால் பாக்கியைக் கேட்கலாம். கூச்சப்படாமல் விசாரித்து, முடிந்ததைக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பெண்களைத் தலைக்கட்டில் சேர்க்காதது எனக்குப் பிடிக்காத விஷயம். பொங்கல் வைப்பது முழுக்க அவர்கள் கைவேலை, பெயர் மட்டும் நம்முடையது. கூட்டத்தில் ஒருமுறை இதைச் சொன்னேன். "பாப்போம்" என்றார்கள்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்

பத்துப் பேருக்குச் சர்க்கரைப் பொங்கல் என்று வைத்துக்கொண்டால்: பச்சரிசி அரைக் கிலோ, சிறுபருப்பு 100 கிராம், வெல்லம் முக்கால் கிலோ, பால் அரை லிட்டர், நெய் 150 கிராம், தேங்காய் ஒன்று, ஏலக்காய், முந்திரி, கிஸ்மிஸ். உடன்குடி பக்கம் போகிறவர்கள் வெல்லத்தில் பாதியைக் குறைத்துக் கருப்பட்டி போட்டுப் பாருங்கள். நிறம் கறுக்கும், ருசி வேறு மாதிரி இருக்கும். பாலை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போங்கள், அல்லது கோயிலுக்குப் பக்கத்து ஊரில் வாங்குங்கள். என் கதைதான் தெரியுமே.

பூஜைக்குத் தேங்காய் (பரிவாரங்களுக்கும் சேர்த்து), வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, சூடம், பத்தி, மஞ்சள், குங்குமம், சந்தனம், திருநீறு, எலுமிச்சம்பழம், மாலைகள், உதிரிப்பூ, தலைவாழை இலை.

இதெல்லாம் யாரும் மறப்பதில்லை. மறப்பது வேறு. நீளமான கரண்டி, பானையை இறக்கப் பழைய பருத்தித் துணி, இறக்கி வைக்கப் பிரிமணை, வெல்லம் தட்ட ஒரு கல், தேங்காய் துருவி, அரிவாள், தீப்பெட்டி இரண்டு, உட்காரப் பாய், கைக்குழந்தை இருந்தால் சின்னக் குடை. தண்ணீர் 20 லிட்டர் கேன் ஒன்று கண்டிப்பாக. கடலோரக் கோயில்களில் குழாய்த் தண்ணீர் உப்புக்கரிக்கும், அதில் பருப்பு வேகவே வேகாது.

விறகு: பனையோலை, தென்னமட்டை, காய்ந்த சுள்ளி கொஞ்சம், அதற்கு மேல் உடைமர விறகு. ஓலை பற்றவைக்க, மட்டை தீ பிடிக்க, விறகு நின்று எரிய. மூன்றும் வேண்டும். கோயில் வாசல் கடையில் கிடைக்கும். ஒரு கட்டையைக் கையில் வாங்கி இன்னொன்றோடு தட்டிப் பாருங்கள். டங் என்று கேட்டால் காய்ந்தது. சத் என்று மந்தமாகக் கேட்டால் பச்சை, வாங்காதீர்கள்.

பானை, அடுப்பு, பொங்குவது

பானை 5 அல்லது 6 லிட்டர் கொள்ளளவு. வெண்கலப் பானை இருந்தால் அதற்கு ஈடு இல்லை. புது மண்பானை என்றால் இரண்டு நாள் முன்பே தண்ணீர் ஊற்றி வைத்துப் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பில் விரிசல் விடும். எவர்சில்வரில் வைத்தாலும் சாமி கோபித்துக்கொள்ளாது, ஆனால் அடி பிடிக்கும். எந்தப் பானையானாலும் அடுப்பில் ஏற்றும் முன் வெளிப்புறத்தில் ஈரச் சாம்பலோ களிமண்ணோ பூசிவிடுங்கள். கரி அதன் மேல்தான் படியும், கழுவும்போது சேர்ந்து போய்விடும். கழுத்துக்கு மேலே மட்டும் பூசாமல் விட்டு, திருநீறும் சந்தனமும் குங்குமமும் வைத்து, மஞ்சள் கொத்தோ மஞ்சள் கிழங்கோ கட்டுங்கள்.

அடுப்புக்கு மூன்று கல். கோயில் வளாகத்திலேயே கறுத்த கற்கள் கிடக்கும், முன்னால் வந்தவர்கள் வைத்தவை. முக்கோணமாக வைத்து, வெறும் பானையை ஏற்றி ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கல்லை மாற்றுங்கள். நிறைந்த பானையோடு அதைச் செய்ய முடியாது. காற்று எந்தப் பக்கம் என்று கொஞ்சம் மணலை எடுத்துத் தூவிப் பார்த்து, விறகு வைக்கும் வாயை அந்தப் பக்கம் திருப்புங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு தகரமோ பழைய தட்டோ மறைப்பாக வைத்தால் தீ வெளியே ஓடாது.

முதலில் அடுப்புக்கு ஒரு சூடம். அப்புறம் பானையில் பாலையும், அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரையும் சேர்த்துக் கழுத்து வரை ஊற்றுங்கள். முதல் தண்ணீரில் தூசி இருக்கும், அது வேண்டாம். வெறும் தண்ணீர் கொதிக்கும், ஆனால் பொங்காது. பாலின் ஆடையும் அரிசிக் கழுநீரின் மாவும் ஆவியைப் பிடித்து நுரையாக்கி மேலே தூக்குவதால்தான் பொங்குகிறது. பாதிப் பானை ஊற்றிவிட்டு, பொங்கவில்லையே, சாமிக்கு என்ன குறை என்று பதறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை அளவில்தான்.

நுரை கழுத்தைத் தாண்டி வழியும்போது பெண்கள் குலவை போடுவார்கள். தெரியாதவர்கள் நாக்கை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டிக் "லு லு லு" என்று முயன்று பாருங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. எந்தத் திசையில் வழிகிறது என்பதற்குப் பலன் சொல்வார்கள். கிழக்கில் வழிந்தால் ரொம்ப நல்லது. காற்றும் பானையின் சாய்வும்தான் இதைத் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம். எங்கள் பெரியம்மாவுக்கும் அதே எண்ணம்தான் போலிருக்கிறது. யாரும் பார்க்காதபோது மேற்குப் பக்கக் கல்லுக்கு அடியில் ஒரு சில்லைச் சொருகிவிடுவாள்.

வழிந்து அடங்கியதும் ஒரு லிட்டர் அளவுக்கு நீரை மொண்டு தனியாக வையுங்கள். இதை எடுக்காமல் அரிசியைப் போட்டால் எல்லாம் வெளியே வந்து அடுப்பு அணைந்துவிடும். பிறகு களைந்த அரிசியையும் லேசாக வறுத்த பருப்பையும் போட வேண்டும். இதை ஒருவரே கொட்டிவிடாமல், வந்திருக்கிற எல்லோரும் ஆளுக்கு மூன்று பிடி போடுங்கள். கைக்குழந்தையின் கையைப் பிடித்து அதையும் போடவையுங்கள். வர முடியாதவர்களுக்கு அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு பிடி. எங்கள் ஆச்சி இருந்தவரை இந்த இடத்தில்தான் அவள் கணக்கைச் சொல்வாள். ஒரு பிடிக்கு ஒன்று. "எம்பேரன் வெளிநாடு போய் சொகமா வந்தான்." ஒரு பிடி. "மருமவளுக்கு ஆபரேசன் நல்லா முடிஞ்சிது." ஒரு பிடி. முந்தின ராத்திரி எழுதிய தாளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் சத்தமாகச் சொன்னால் வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமலிருந்த விஷயங்கள் வெளியே வரும். என் அப்பா ஒரு வருடம் கடனில் இருந்தது எனக்கு அப்படித்தான் தெரிந்தது, அது அடைந்த பிறகு.

இனிமேல் தீயைக் குறையுங்கள். இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டால் போதும். அடிக்கடி கிளறுங்கள். தண்ணீர் வற்றினால் எடுத்து வைத்ததை ஊற்றுங்கள். அரிசி, பருப்புக்கு ஒன்றுக்கு ஐந்து தண்ணீர் என்பது என் கணக்கு. குக்கர் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள், திறந்த பானையில் பாதி ஆவியாகிவிடும். அரிசியை இரண்டு விரலால் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். அதற்கு முன் வெல்லம் போட்டால் போச்சு. வெல்லம் விழுந்த பிறகு அரிசி அதற்கு மேல் வேகாது, எவ்வளவு நேரம் எரித்தாலும் வேகாது. என் முதல் பொங்கல் கெட்டது இங்கேதான்.

வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுவது நல்லது, மணல் இருக்கும். ஊற்றிக் கிளறி, நெய்யில் பாதியை விட்டு, தேங்காய்த் துருவல், ஏலக்காய், மீதி நெய்யில் வறுத்த முந்திரி. கரண்டியால் எடுத்தால் சட்டென்று விழாமல் தொங்கி விழும் பதத்தில் இறக்கிவிடுங்கள். ஆறினால் இறுகும். படைக்கும் வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. இனிப்புக் குறைவோ என்று எவ்வளவு சந்தேகம் வந்தாலும் சரி.

படையல்

முதலில் பிள்ளையாருக்கு. அப்புறம் சாஸ்தா, அப்புறம் பரிவாரங்கள். வாழை இலையின் நுனி சாமிக்கு இடப்பக்கம் வர வேண்டும். சாமி உங்களைப் பார்த்து நிற்பதால், உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நுனி வலப்புறம் இருக்கும். இதில் எல்லோருமே ஒருமுறை தடுமாறுவார்கள். பொங்கலை நடுவில் குவித்து, மேலே சின்னக் குழி செய்து நெய் விட்டு, பழம், வெற்றிலை பாக்கு, உடைத்த தேங்காய் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மற்றதைப் பூசாரி பார்த்துக்கொள்வார். சுடலைமாடன் சன்னிதியில் மஞ்சணை (குழைத்த மஞ்சள்) கொடுத்தால் நெற்றியில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டையில் பட்டால் போகாது, அதையும் மனசில் வைத்து உடை போட்டுப் போங்கள்.

மந்திரம் எதுவும் தெரிய வேண்டாம். இந்தச் சாமிகளிடம் வீட்டுத் தமிழில் பேசலாம். எங்கள் வீட்டில் "வந்துட்டோம் சாமி. நீ தந்ததுல வச்சிருக்கோம்" என்பதோடு சரி. வாய் கேட்க ஆரம்பித்தால் இன்னொரு தரம் "வந்துட்டோம் சாமி" என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கிடா வெட்டு பற்றிக் கேட்பார்கள். சாஸ்தாவுக்குச் சைவப் படையல்தான். மாடனுக்கோ கருப்பசாமிக்கோ வெட்டும்போது சாஸ்தா சன்னிதியில் திரை போட்டுவிடுவார்கள். கோயில்களில் பலியிடுவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் ஏட்டளவில்தான் இருந்தது. 2003-இல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொல்லி, எதிர்ப்பு வந்து, 2004-இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். முதல் தடவை போகிறவர்களுக்கு என் யோசனை, கிடா வேண்டாம். அது பெரிய செலவு, பெரிய கூட்டம், சமைக்கத் தனி ஆள். பந்தி கவனிப்பதிலேயே நாள் போய்விடும், சாமியை நின்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. ஏற்கெனவே நேர்ந்துகொண்டது இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வேண்டிய காரியம் நடந்த பிறகு நேர்த்திக்கடனை மறப்பதைப் போல ஒரு மரியாதைக் குறைவு கிடையாது.

சாப்பிட்டபின் ஒரு சுற்று

படையலை எடுத்த பிறகு, முதலில் பக்கத்து அடுப்புக்காரர்களுக்கு ஒரு கரண்டி கொடுங்கள். அவர்களும் கொடுப்பார்கள். அவர்களுடையது எப்போதும் நம்முடையதைவிட நன்றாக இருக்கும்.

அப்புறம் அவசரமாகக் கிளம்பாமல் கோயிலைச் சுற்றிப் பாருங்கள். மரத்தில் தொட்டில் தொங்கினால் அங்கே ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. மண்ணால் செய்த கால், கை இருந்தால் யாருக்கோ அது குணமாகியிருக்கிறது. காரையாறில் பக்தர்கள் கட்டிய மணிகளை மெல்ல மெல்லத் தன் பட்டைக்குள் இழுத்துக்கொள்ளும் மரம் ஒன்று உண்டு, மணிவிழுங்கி மரம் என்பார்கள். அதே கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்தவர் அவர் என்பது கதை. கட்டிய செருப்பு அடுத்த வருடம் நடந்து தேய்ந்த மாதிரி இருக்கும் என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரைச் சிலை 30 அடிக்கும் மேல் உயரம். மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சாத்துவார்கள், குதிரையே மறைந்துவிடும். அந்தப் பக்கத்துக் கோயில்களில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகள் வேளார்கள் (குயவர்கள்) செய்து கொடுப்பவை. மழையில் கரைந்து, காது உடைந்து, கால் போன குதிரைகளையும் அப்படியே விட்டு வைத்திருப்பார்கள். புதுக் குதிரை பக்கத்தில் வந்து நிற்கும்.

கிளம்பும் முன் அடுப்பில் தண்ணீர் தெளித்து, கரியைக் கிளறி, மறுபடி தெளியுங்கள். தேரிக்காட்டிலும் மலையிலும் காற்று பலம், ஒரு பொறி போதும். கேரி பேக், தீப்பெட்டி, பால் பாக்கெட் எல்லாவற்றையும் பொறுக்கிக் காரில் போடுங்கள். கற்களை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு ஆகும். மலைக் கோயிலானால் மீந்த பழத்தைக் கையில் தொங்கவிட்டு நடக்காதீர்கள், குரங்கு கையோடு சேர்த்து இழுக்கும்.

போக முடியாத வருடங்களில்

வெளிநாட்டில் இருக்கிறவர்கள், வீட்டில் படுக்கையில் ஆள் இருக்கிறவர்கள், விடுப்புக் கிடைக்காதவர்கள். இவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஒரு மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவது. நல்லது எதாவது நடக்கும்போது இன்னொரு காசைச் சேர்த்து முடிவது. எப்போது போகிறோமோ அப்போது முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் போட்டுவிட வேண்டும். நிரந்தரமாகத் தூரத்தில் குடியேறிவிட்டவர்கள் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப்போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிடுவதும் உண்டு. அதற்குப் பூசாரியிடமும் பங்காளிகளிடமும் கேட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்.

துணி பருத்தியாக இருக்கட்டும், நைலான் துணியில் முடிச்சு நிற்காது. மஞ்சள் தோய்த்து நன்றாகக் காயவைத்த பிறகு காசை முடியுங்கள். ஈரத்தோடு முடிந்தால் காசு கறுத்துவிடும். முடிச்சை அவசரத்துக்குச் சில்லறை தேடும் கை எட்டாத இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அந்த ரூபாய் பால்காரருக்குப் போய்விட்டது. மறுநாள் அபராதமாகப் பத்து ரூபாய் வைத்து முடிந்தோம்.